கிக்-ஆஃபில் கொடி விழுந்தும் டச்டவுன் செல்லுமா? அமெரிக்கன் ஃபுட்பாலின் விநோத பெனால்டி கணக்கு

கடிகாரத்தில் நேரம் முடிந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து ஒரு அணியின் பேண்டு வாத்தியக் குழுவே மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. நடுவர்கள் வீசிய பெனால்டி கொடிகள் தரையில் கிடக்கின்றன. ஆனால், பந்தை வைத்திருந்த எதிரணி வீரர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஜெயித்தது அவரது அணிதான்!

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ரசிகர்கள் இன்றும் 'தி பிளே' என்று பேசும் சம்பவம் இது. ஒரே கிக்-ஆஃபில் இரண்டு விநோத பெனால்டிகள். கொடி விழுந்தா ஆட்டம் அவ்வளவுதானே? அப்புறம் எப்படி டச்டவுன் கொடுத்தாங்க?

என்ன நடந்தது?

1982 நவம்பர் 20. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில், பரம வைரிகளான ஸ்டான்ஃபோர்டு - பெர்க்லி பல்கலைக்கழகங்கள் மோதின. பின்னாளில் என்.எஃப்.எல். நட்சத்திரமான ஜான் எல்வே, ஸ்டான்ஃபோர்டின் குவாட்டர்பேக். கடைசி நேரத்தில் அவர் அணியை முன்னேற்ற, மார்க் ஹார்மன் ஃபீல்டு கோல் அடித்தார். ஸ்டான்ஃபோர்டு 20, பெர்க்லி 19. மிச்சம் இருந்தது 4 விநாடி.

முதல் பெனால்டி: கொண்டாட்டத்துக்கு 15 யார்டு

ஃபீல்டு கோல் விழுந்ததும் ஸ்டான்ஃபோர்டு வீரர்கள் மைதானத்துக்குள் ஓடிவந்து கொண்டாடினார்கள். கொடி விழுந்தது. அடித்த கோல் செல்லும். ஆனால், தண்டனை அடுத்த கிக்-ஆஃபில் வந்து சேர்ந்தது. தங்கள் பக்கத்து 40 யார்டு கோட்டில் இருந்து உதைக்க வேண்டியவர்கள், 25 யார்டு கோட்டில் இருந்து உதைத்தார்கள். அதாவது, சுமார் 14 மீட்டர் பின்னால்.

ஹார்மன் பந்தைத் தரையோடு தாழ்வாக உதைத்தார். மைதானத்தின் நடுப்பகுதியிலேயே அது பெர்க்லி வீரர் கெவின் மோயன் கைக்குப் போனது. ஒரு நிமிடக் கொண்டாட்டம் எதிரணிக்கு 15 யார்டு தூரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டது.

இரண்டாவது பெனால்டி: உள்ளே வந்த பேண்டு

அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தைப் பின்பக்கமாக எத்தனை முறை வேண்டுமானாலும் கைமாற்றலாம். இதன் பெயர் லேட்டரல். பெர்க்லி வீரர்கள் அன்று 5 முறை கைமாற்றினார்கள்.

நடுவில் டுவைட் கார்னர் என்ற வீரரை ஸ்டான்ஃபோர்டு வீரர்கள் சூழ்ந்து மடக்கினார்கள். 'முழங்கால் தரையில பட்டுடுச்சு, மேட்ச் முடிஞ்சது' என்று நினைத்து ஸ்டான்ஃபோர்டு வீரர்களும் பேண்டு குழுவும் உள்ளே வந்தார்கள். ஆனால், விசில் ஊதப்படவில்லை. பந்து கார்னரிடம் இருந்து கைமாறி, கடைசியில் மீண்டும் மோயனிடம் வந்தது. அவர் பேண்டு கூட்டத்துக்கு நடுவே புகுந்து எல்லையைத் தொட்டு, டிராம்போன் வாசித்த ஒருவர் மீது மோதி நின்றார்.

கொடி விழுந்துச்சே, அப்புறம் எப்படி?

தலைமை நடுவர் சார்லஸ் மொஃபெட் மற்ற நடுவர்களைக் கூட்டிப் பேசினார். பார்க்க வேண்டிய விஷயங்கள் மூன்று. யாராவது விசில் ஊதினார்களா? இல்லை. கைமாற்றங்கள் எல்லாம் பின்பக்கமாகத்தான் போனதா? ஆமாம் என்றார்கள் நடுவர்கள். கொடி யார் மீது? ஸ்டான்ஃபோர்டு மீது.

முடிந்தது விஷயம். டச்டவுன்! பெர்க்லி 25, ஸ்டான்ஃபோர்டு 20.

காரணம் எளிமையானது. இங்கே கொடி விழுந்தால் ஆட்டம் நிற்காது. பந்து நகர்ந்துகொண்டிருக்கும்போது நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு, ஆட்டம் ஓய்ந்த பிறகுதான் தண்டனை. அந்தத் தண்டனை வேண்டுமா, வேண்டாமா என்று பாதிக்கப்பட்ட அணியே முடிவு செய்யலாம். டச்டவுன் கையில் இருக்கும்போது பெனால்டியை யார் கேட்பார்கள்? கிரிக்கெட்டில் நோ-பாலில் அடித்த சிக்ஸர் செல்லும் இல்லையா, அந்த மாதிரிதான்.

ஒருவேளை இப்படி நடந்திருந்தால்?

* மோயனை விதிப்படி மடக்கிப் பிடித்திருந்தால்: கடிகாரம் பூஜ்ஜியம் என்றாலும் மேட்ச் முடிந்திருக்காது. ஸ்டான்ஃபோர்டு மீதான பெனால்டியை பெர்க்லி ஏற்றுக்கொண்டு, நேரக் கணக்கில்லாத ஒரு ஆட்டம் கேட்கலாம்.

* பேண்டு கலைஞர் ஒருவர் அவரைத் தடுத்து வீழ்த்தியிருந்தால்: அப்பட்டமான அநியாயம் என்று கருதி, நடுவரே டச்டவுன் வழங்கலாம்.

* பெர்க்லி மீதும் கொடி விழுந்திருந்தால்: இரண்டு தவறும் ஒன்றையொன்று ரத்து செய்யக்கூடும். அப்படியானால், கிக்-ஆஃப் மறுபடி முதலில் இருந்து!

இன்னைக்கும் அதே கணக்குதான்

'தேர்வு பாதிக்கப்பட்டவருக்கே' என்ற இந்தக் கொள்கை இன்றும் மாறவில்லை. கல்லூரி ஆட்டத்தில் கிக்-ஆஃப் இப்போது 35 யார்டு கோட்டில் இருந்து நடக்கிறது. உதைத்த பந்து யார் மீதும் படாமல் பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டினால், பந்தைப் பெறும் அணி தன் 35 யார்டு கோட்டில் இருந்து ஆடலாம். இல்லையென்றால், எதிரணியை 5 யார்டு பின்தள்ளி மறுபடி உதைக்கச் சொல்லலாம். என்.எஃப்.எல்.லில் இதற்குத் தண்டனை இன்னும் கடுமை. பெறும் அணிக்கு 40 யார்டு கோட்டிலேயே பந்து கிடைத்துவிடும்.

தீராத சண்டை

கார்னரின் முழங்கால் தரையில் பட்டதா, கடைசி கைமாற்றம் முன்பக்கமாகப் போனதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. வீடியோவைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லும் வசதி அன்று கல்லூரி ஆட்டங்களில் கிடையாது. எல்வேக்கு அதுதான் கடைசி கல்லூரி ஆட்டம். சீசன் முடிவில் சிறந்த அணிகள் ஆடும் 'பவுல்' போட்டி ஒன்றில்கூட ஆடாமலேயே அவரது கல்லூரி வாழ்க்கை முடிந்தது.

இரு அணிகளும் மோதும் இந்த ஆட்டத்தின் பரிசு ஒரு கோடரி. அதன் பலகையில் ஒவ்வொரு ஆண்டின் ஸ்கோரும் இருக்கும். கோடரி பெர்க்லியிடம் இருந்தால் 1982-ன் ஸ்கோர் 25-20. ஸ்டான்ஃபோர்டு கைக்குப் போனதும் அதை 20-19 என்று மாற்றிவிடுவார்கள்!