ஸ்ரீராம்புரத்துக் குழாயும் 1924-ன் வெள்ளமும்

ஸ்ரீராம்புரத்துச் சந்துகளில் தண்ணீர் வருவதைக் காதுதான் முதலில் கண்டுபிடிக்கும். குழாயில் காற்று 'புஸ்' என்று சீறும். கொஞ்சம் கலங்கலாக வரும், பிறகு தெளியும். அதற்குள் நீல டிரம்களும் குடங்களும் வாசலுக்கு வந்திருக்கும். "காவேரி தண்ணியா, போர் தண்ணியா?" என்று கேட்டுவிட்டுத்தான் குடிக்கிற குடத்தை நீட்டுவார்கள். கேட்கிறவரின் தாத்தா மில் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே தங்கியவராக இருக்கலாம்.

அந்தத் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி ஓடும் ஆற்றிலிருந்து வருகிறது. தொரெகாடனஹள்ளியில் சுத்திகரித்து, படிப்படியாகப் பம்ப் செய்து, ஏறத்தாழ அரை கிலோமீட்டர் உயரம் ஏற்றுகிறார்கள். வீட்டில் புழங்கியபின் அது இறங்கிப் போகும் வழி இன்னும் வியப்பானது. பெங்களூரு ஒரு மேட்டு முதுகில் உட்கார்ந்திருக்கிற ஊர். கிழக்கே வழிகிற நீர் தென்பெண்ணைக்குப் போகும். மேற்கே வழிகிறது விருஷபாவதிக்கு. ஸ்ரீராம்புரம் மேற்குச் சரிவு. இங்குள்ள சாக்கடை நீரும் மழைநீரும் ராஜகாலுவே என்கிற பெருங்கால்வாயில் விழுந்து, விருஷபாவதியில் கலந்து, அங்கிருந்து அர்க்காவதிக்கும் பிறகு காவிரிக்கும் போய், ஒகேனக்கல் தாண்டி மேட்டூரை அடைகின்றன. ஆறே இல்லாத பேட்டை, காவிரியின் வரவிலும் செலவிலும் இருக்கிறது.

ஆகவே அந்த ஆற்றில் பதிவான மிகப் பெரிய வெள்ளம் இந்தச் சந்துக்காரர்களுக்கும் சொந்தக் கதைதான்.

1924 பிப்ரவரி 18 அன்று மைசூர் அரசும் சென்னை மாகாணமும் காவிரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்த ஒப்பந்தத்தின் கவலை முழுவதும் யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பற்றியது. ஐந்தே மாதத்தில், ஜூலையில், யாராலும் வாங்கிவைக்க முடியாத அளவுக்கு ஆறு கொண்டுவந்து கொட்டியது. கிருஷ்ணராஜசாகர் அணை அப்போது கட்டி முடிக்கப்படவில்லை. மேட்டூரில் அணை வேலையே தொடங்கவில்லை.

காரணம் மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டில் இருந்தது. அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் முட்டி மேலேறும், ஏறும்போது குளிரும், குளிர்ந்தால் ஈரத்தைச் சுமக்க முடியாமல் கொட்டிவிடும். அந்த ஜூலையில் அது நாள்கணக்கில் விடாமல் கொட்டியது. மேற்குச் சரிவில் இறங்கியதைக் கேரளம் இன்றும் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்கிறது, கொல்லம் ஆண்டு 1099 என்பதால். மூணாற்றின் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதை அதில் அழிந்தது. மறுபடி போடப்படவே இல்லை. முகட்டுக்குக் கிழக்கே விழுந்த மழை குடகிலிருந்தும் வயநாட்டிலிருந்தும் காவிரிக்கும் கபினிக்கும் வந்தது.

மண் ஒரு பஞ்சு மாதிரி. முதல் சில நாள் மழையைக் குடித்துவிடும். நனைந்து நிரம்பிய பிறகு பெய்கிற ஒவ்வொரு துளியும் அப்படியே ஓடும். அத்துடன் துணையாறுகளின் உச்சங்கள் வெவ்வேறு நேரத்தில் வந்தால் ஆறு தாங்கிக்கொள்ளும்; ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வந்தால் தாங்காது. எவ்வளவு வந்தது என்பதைவிட, எல்லாம் எந்த நேரத்தில் சேர்ந்து வந்தது என்பதே வெள்ளத்தின் உயரத்தைத் தீர்மானிக்கிறது.

மேட்டூர் அருகே அந்த உச்சம் விநாடிக்குச் சுமார் 4,56,000 கன அடி. இந்த எண்ணைச் செய்தியில் படித்துவிட்டுக் கடந்துபோவது சுலபம். குடக்கணக்கில் பார்க்க வேண்டும். ஒரு கன அடி 28 லிட்டருக்குச் சற்று மேல். அப்படியானால் விநாடிக்கு ஏறத்தாழ 1.3 கோடி லிட்டர். 2024-ல் திறந்த ஐந்தாம் கட்டத்தையும் சேர்த்து, காவிரியிலிருந்து பெங்களூருக்கு ஒரு நாளைக்கு வரக்கூடிய நீர் சுமார் 220 கோடி லிட்டர். இவ்வளவு பெரிய நகரம் ஒரு நாள் முழுக்கக் குடித்துக் குளித்துத் துவைக்கிற நீர், அன்று மூன்று நிமிடத்துக்குள் மேட்டூரைக் கடந்துகொண்டிருந்தது!

ஆற்றின் வேகம் இரட்டிப்பானால் அதனால் உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை இரட்டிப்பாவதில்லை, 64 மடங்காகும். பாலங்கள் விழுவதற்கும் இந்தச் சக்திதான் காரணம். ஆடிப்பெருக்கில் ஆற்றில் இறங்கி நின்றவர்களுக்குத் தெரியும்: அசையாமல் நின்றாலே குதிகாலுக்கடியில் மணல் நழுவிப் போகும், கால் புதையும். பாலத்தின் தூணுக்கும் அதேதான் நடக்கிறது. தூணில் மோதும் நீர் கீழ்நோக்கிச் சுழன்று அடிமண்ணைத் தோண்டுகிறது. மேலே பாலம் திடமாக நிற்பதுபோல் தெரியும். அடியில் பள்ளம் விழுந்திருக்கும்.

வெள்ளம் வடிந்த மறு ஆண்டு, 1925 ஜூலையில், மேட்டூரில் வேலை தொடங்கியது. ஒரு அணைக்கு மிகவும் ஆபத்தான நாள் அது நிரம்பி வழிகிற நாள். எல்லிஸ் முதலான பொறியாளர்கள் 1924-ன் உச்சத்தையே அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். உபரிநீருக்கென்று அணைக்குப் பக்கத்தில், மலைகளுக்கு நடுவிலுள்ள தாழ்வில், தனியாக ஒரு மதகு வைத்தார்கள். அதன் கண்கள் ஒவ்வொன்றும் 60 அடி அகலம், 20 அடி உயரம், மொத்தம் 16. சேலத்துக்காரர்கள் '16 கண் மதகு' என்று சொல்வது இதைத்தான். 1934 ஆகஸ்டில் அணை திறக்கப்பட்டது.  பேரழிவை அழுது மறந்துவிடாமல், அதை அளந்து, அந்த அளவுக்குக் கதவு வைத்த அந்தக் கவனத்தை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து 2 லட்சம் கன அடிக்கு மேல் போனது. 1924-ல் வந்ததில் பாதிகூட இல்லை. அதற்கே திருச்சியில் 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. மேட்டூர் அணை தாங்கியது, கீழே படுகை தாங்கவில்லை.

இப்போது ஸ்ரீராம்புரத்துக்குத் திரும்பலாம். மழைநீரை உச்சத்துக்குப் போகவிடாமல் தாமதப்படுத்துவதுதான் பெங்களூரின் பழைய ஏரிகள் செய்த வேலை. இங்கிருந்து நடக்கிற தூரத்தில் மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்கிற இடம் ஒருகாலத்தில் தர்மாம்புதி ஏரி. இன்று அங்கும் இங்கும் கான்கிரீட். குடிக்க மண் இல்லாததால் அரைமணி மழை சில நிமிடங்களிலேயே ராஜகாலுவேக்கு வந்துவிடுகிறது. மேட்டூருக்கு 1924 கிடைத்தது போல, நம் கால்வாய்களுக்கும் நேர்மையாக அளந்த ஒரு எண் வேண்டும். அதற்கேற்ற அகலத்தை யாரும் ஆக்கிரமிக்காமல் விட்டுவைக்க வேண்டும்.

ஆடி மாதத்து இரவொன்றில் இங்கே மழை பிடித்தால், சந்தின் சரிவில் நீர் சலசலத்து ஓடும் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். சில நாட்களில் அது மேட்டூரைச் சேரும். அணை நிரம்பியிருந்தால், 1924-க்காக வைத்த அந்த 16 கண்களில் ஏதோ ஒன்றின் வழியாக வெளியேறிப் போகும்.