பெரியகருப்பத் துரை

1881 முதல் 1886 வரையில் சென்னை மாகாணத்துக் கவர்னராக வீற்றிருந்த கிராண்ட் டஃப் துரையின் பெயரைத் தமிழ்ப்படுத்தினால் என்ன வரும் தெரியுமா? ‘கிராண்ட்’ என்பது பழைய பிரெஞ்சுச் சொல். நெடிதுயர்ந்து பருத்தவன் என்று பொருள். ‘டஃப்’ ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் கேலிக் பாஷையில் கறுப்பைக் குறிப்பது. சேர்த்துப் படித்தால் சாக்ஷாத் பெரியகருப்பன்! நம் ஊர்ப் பெரியகருப்பன் காவல் தெய்வத்தின் பெயரைத் தரித்தவன். துரையோ என்றோ வாழ்ந்த முன்னோர்களின் உடல்வாகைத் தரித்தவர். இவ்வளவே வேற்றுமை.

துரைமாரில் அவர் ஒருவரல்லர். 1786-ல் கவர்னராக வந்த காம்ப்பெல் துரையின் பெயருக்குக் ‘கோணல் வாய்’ என்று பொருள். காமெரோன் என்றால் கோணல் மூக்கு. குரூக்ஷாங்க் என்றால் வளைந்த கால். ரஸ்ஸல் என்றால் செம்பட்டை மயிர். சென்னையில் இன்று அவ்வை சண்முகம் சாலை எனப்படுவது முன்பு லாயிட்ஸ் ரோடு. அந்த லாயிட், வேல்ஸ் நாட்டுப் பாஷையில் நரைத்தவன்.

இங்கிலாந்தை 1066-ல் நார்மானியர் வென்ற பின்னர், நிலத்துக்கும் வரிக்கும் ஏடுகள் பெருகின. ஒரே கிராமத்தில் பல ஜான்கள் இருந்தால் கணக்கன் என்ன செய்வான்? குட்டை ஜான், சிவப்பு ஜான் என்று அடையாளம் எழுதினான். சுமார் 1400-க்குள் அவ்வடையாளம் பெரும்பாலும் குடும்பச் சொத்தாகிவிட்டது. குட்டையன் மகன் பனைமரம் போல் வளர்ந்தாலும் அவன் ‘ஷார்ட்’ தான்.

என்னிடம் படித்த கருப்பன் என்னும் மாணவன், பள்ளியிறுதிப் பரீட்சைக்கு முன் பெயரை மாற்றிக்கொள்ள மனு எழுதித் தரும்படி கேட்டான். ஆஜர்ப் பட்டியல் வாசிக்கும்போதெல்லாம் பின் பெஞ்சியில் சிரிக்கிறார்களாம். மனுவை எழுதிக் கொடுத்தேன். பெயர் அவனுடையது, உரிமையும் அவனுடையதே. கூடவே கிராண்ட் டஃபின் கதையையும் சொன்னேன். மனுவை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். மறுநாள் காலை வரையில் அதை ஆபீஸில் கொடுக்கவில்லை.

பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் ஆகிய ஆறின் அடியாகவும் பெயர் பிறக்கும் என்பது நம் இலக்கணம். சினையும் குணமும் அங்கே இழிவாக எண்ணப்படவில்லை. ஆய் அண்டிரனைப் பாடிய சங்கப் புலவர் ஏணிச்சேரி முடமோசியார். இன்னொருவர் ஐயூர் முடவனார். காலின் குறையைப் பெயரிலேயே சொல்லிவிட்டு, இறுதியில் ‘ஆர்’ என்று மரியாதை விகுதி சேர்த்தார்கள் பாருங்கள்! இங்கிலீஷ்காரன் கோணல் வாயைப் பேரப்பிள்ளைகளுக்கு எழுதி வைத்தான். அந்த ‘ஆர்’ மட்டும் அவனிடம் இல்லை. நம்மவரின் உடற்பெயரோ பெரும்பாலும் அவரவரோடு போய்விடும். ஊரின் பெயர்தான் தலைப்பெழுத்தாய்ப் பின்தொடரும்.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895-ல் பிறந்த ராமசாமி ரெட்டியார், 1947 முதல் 1949 வரையில் சென்னை மாகாணப் பிரதம மந்திரியாயிருந்தார். அவருடைய நிறத்தையோ உயரத்தையோ வைத்து யாரும் பெயர் கட்டவில்லை. ஐயூர் முடவனாரின் பெயரிலிருந்து முடத்தை நீக்கினாற்போல ஊரும் ‘ஆர்’ விகுதியும் மட்டும் நின்றன: ஓமந்தூரார். சென்னை அரசினர் தோட்டத்துக்கும் அதே பெயர்தான். அங்கே வழி விசாரிப்பவர் ‘ராமசாமி’ என்று சொல்வதேயில்லை.