கோப்பின் பாதையும் உறுப்பிலக்கணமும்



பகுபத உறுப்பிலக்கணத்தை நீங்கள் கற்றிருப்பீர்கள். ஒரு சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை முதலான உறுப்புகளாகப் பிரித்துக் காட்டுமாறு வகுப்பில் எத்தனையோ முறை நான் பணித்திருக்கிறேன். கணிப்பொறியில் ஒரு கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் பாதையும் அத்தகைய உறுப்புகளை உடையதே.

'டி:\படங்கள்\107.ஜேபிஜி' என்னும் பாதையைப் பாருங்கள். 'டி:' என்பது வட்டு; '\படங்கள்\' என்பது கோப்புறை; '107' என்பது பெயர்; '.ஜேபிஜி' என்பது வகையை உணர்த்தும் விகுதி. 1981இல் வெளிவந்த எம்.எஸ். டாஸ் முதற் பதிப்பில் உட்கோப்புறைகளே இல்லை. 1983இல் வந்த 2.0 பதிப்பு அவற்றைக் கொணர்ந்தது. முன்சாய்கோடு ஏற்கெனவே கட்டளைகளின் துணைக்குறியாக வழங்கியமையால், பாதைக்குப் பின்சாய்கோடு வாய்த்தது.

ஒரு பள்ளியில் நாற்பது மாணவரின் படங்களைக் 'காப்பகம்' என்னும் கோப்புறைக்கு மாற்றவேண்டுமெனக் கொள்வோம். விண்டோஸில் கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கும் பேட்ச் கோப்பில், 'ஃபார்' என்னும் மடக்குக் கட்டளை இதற்கு உதவும். அது கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு மாறியில் இடும். அம்மாறியை இரட்டை விழுக்காட்டுக் குறியும் ஓர் எழுத்துமாக எழுதுவர். குறிக்கும் எழுத்துக்கும் இடையே அலைக்குறியோடு 'டி' சேர்த்தால் வட்டு கிடைக்கும். 'பி' கோப்புறையையும், 'என்' பெயரையும், 'எக்ஸ்' விகுதியையும், 'எஃப்' முழுப் பாதையையும் தரும். எழுத்தெண்ணி வெட்டவேண்டிய தொல்லையில்லை.

பாதையினுள் 'படங்கள்' என்பதைக் 'காப்பகம்' என மாற்றவேண்டின், மடக்கின் மாறியில் அது நேரே இயலாது. மதிப்பைச் சாதாரண மாறி ஒன்றில் இட்டு, அதில் மாற்றவேண்டும். இடர் தோன்றும் இடம் இதுவே. பிறை அடைப்புக்குள் உள்ள கட்டளைகள் அனைத்தையும் கணிப்பொறி முதலில் ஒரே முறை படித்து, விழுக்காட்டுக் குறிக்குள் இருக்கும் மாறிகளுக்கு அப்போதைய மதிப்பை நிரப்பிவிடுகிறது. அதன் பின்னரே மடக்கு சுழலத் தொடங்குகிறது. ஆகவே சுற்றுதோறும் மாறி மாறினாலும், கட்டளையில் பழைய மதிப்பே நிற்கும்.

இதன் விளைவு சிறிதன்று. அம்மாறியில் முன்பே ஒரு பழைய பாதை இருந்தால், நாற்பது படங்களும் அந்த ஒரே முகவரிக்குச் செல்லும். பேட்ச் கோப்பிலிருந்து இயங்கும் 'மூவ்' கட்டளை, இயல்பாக, "மேலெழுதலாமா?" என்று கேட்பதில்லை. ஒன்றை ஒன்று அழித்து, இறுதியில் எஞ்சுவது ஒரே படம்.

இதற்குப் பரிகாரம் உண்டு. 'செட்லோக்கல் எனேபிள்டிலேய்டுஎக்ஸ்பான்ஷன்' என்னும் கட்டளையை முதலில் எழுதி, அம்மாறியை விழுக்காட்டுக் குறிக்குப் பதிலாக வியப்புக் குறிகளுக்கு இடையே இட்டால், பயன்படும் கணத்திலேயே மதிப்பு படிக்கப்படும். ஆயினும் கோப்பின் பெயரிலேயே வியப்புக் குறி இருப்பின் அது மறைந்துபோகும். மேலும், சொல்மாற்றம் அச்சொல் வரும் இடமெல்லாம் நிகழும். கோப்பின் பெயரில் 'படங்கள்' என்றிருந்தால் அதுவும் மாறும். எனவே பெயரையும் விகுதியையும் மட்டும் எடுத்துப் புதிய கோப்புறையின் பின் சேர்த்தெழுதினால் போதுமெனில், அதுவே நன்று. அங்கே சாதாரண மாறியும் வேண்டா, இவ்விடர்களும் இல்லை.

இன்னும் இரண்டு பழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள். பெயரில் இடைவெளி இருக்கக்கூடுமாதலால் பாதையை எப்போதும் இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். 'மூவ்' என்பதற்கு முன்னே 'எக்கோ' என்று சேர்த்து, முதலில் கட்டளைகளைத் திரையில் மட்டும் காட்டச் செய்யுங்கள். நாற்பது வரிகளிலும் நாற்பது வெவ்வேறு முகவரிகள் தோன்றினால், 'எக்கோ'வை நீக்கிவிட்டுச் செயலில் இறங்கலாம்.

எதைப் பிரிக்கிறோம், எப்போது படிக்கப்படுகிறது என்னும் இரண்டையும் அறிந்து எழுதுபவர் கையில் பிறருடைய கோப்புகள் பாதுகாப்பாக இருக்கும்.