மூத்தவளுக்கும் பிடிக்க வேண்டாமா?

குழந்தைகள் எங்கிருந்தோ ஒரு பூனைக்குட்டியைத் தூக்கி வந்து விடுகிறார்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பெரிய பூனை உறுமுகிறது. "தானே பழகிடும்" என்று இரண்டையும் ஒன்றாக விட்டு விடாதீர்கள். மிரண்டு போன பழைய பூனை வீட்டை விட்டே ஓடிவிடும். இல்லாவிட்டால் சாப்பாட்டைத் தொடாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே பூனைக்கு ஈரல் கெட்டுவிடக்கூடும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் கால்நடை டாக்டரிடம் காட்டி விடுங்கள்.

பூனைக்குக் கண்ணை விட மூக்குதான் பெரிசு. அதனால் முதலில் வாசனை பழகட்டும். குட்டியை ஒரு வாரமாவது தனி அறையில், தனி மணல் தட்டுடன் வையுங்கள். தெருவிலிருந்து வந்த நோய் பெரியதற்குத் தொற்றும் ஆபத்தும் குறையும். எட்டு வாரமானதும் தடுப்பூசி, மூன்று மாதத்தில் ரேபீஸ் ஊசி. (கர்ப்பிணிகள் மணல் தட்டைத் தொடவே வேண்டாம், வீட்டுக்காரர் சுத்தம் செய்யட்டுமே!)

குட்டியின் கன்னத்தில் பழைய துணியைத் தேய்த்துப் பெரியதன் பக்கம் போடுங்கள். பெரியதைத் துடைத்தது குட்டிக்கு. முகர்ந்துவிட்டுச் சும்மா போனால் பாதி வேலை முடிந்தது. பிறகு, மூடிய கதவின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் மீன் சோறு. சீறல் அடங்கியதும் கதவை ஒருக்களித்து, நீங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு, ஐந்து நிமிஷம் மட்டும் பார்க்க விடுங்கள். சீறினால் அடிக்காதீர்கள். பாவம், அதன் வீடு அது! சாப்பாடு, கொஞ்சல் எல்லாம் அதற்கே முதலில்.

சில வீடுகளில் பத்தே நாளில் ராசியாகிவிடும். எங்கள் வீட்டில் ஒன்றரை மாதம் ஆயிற்று. இன்றும் ஒரே தட்டில் சாப்பிடாதுகள்.