அளவுகோலும் வாசகரும்: நிரலின் சிக்கலை அளத்தலும் குறைத்தலும்



தமிழ் மொழியியலில் காலம் கழித்த ஒருவன் கணினி நிரலைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இத்தலைப்பு என்னைத் தேடி வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணினி பயிலும் என் தங்கை மகள் ஒருநாள் தன் மடிக்கணினியுடன் வீட்டிற்கு வந்தாள். பேருந்துக் கட்டணத்தைக் கணக்கிடும் பயிற்சி நிரல் ஒன்றை அவள் எழுதியிருந்தாள். அதன் ஒரு பகுதியைச் சோதனைக் கருவி சிவப்பில் காட்டியது. அருகே 'சிக்கலளவு 18. வரம்பு 10' என்ற குறிப்பும் இருந்தது. "மாமா, புரோகிராம் சரியாத்தான் ஓடுது. விடையும் சரியா வருது. அப்புறம் ஏன் சிக்கல்னு காட்டுது?" என்று கேட்டாள்.

சிறிது நேரத்தில் அவளே ஒரு வழி கண்டாள். அப்பகுதியை நடுவில் இரண்டாக வெட்டி, 'பகுதி ஒன்று', 'பகுதி இரண்டு' எனப் பெயரிட்டாள். ஒன்றின் அளவு 9, மற்றதன் அளவு 10. சிவப்பு மறைந்தது. ஆனால், நிரலை எனக்கு விளக்கத் தொடங்கியபோது பாதி வழியில் அவளே தடுமாறினாள். இரண்டு பகுதிகளுக்கும் இடையே முன்னும் பின்னுமாகப் போய்வர வேண்டியிருந்தது. அளவு இறங்கியது, படிப்பது முன்னினும் கடினமாயிற்று. இது எவ்வாறு நேர்கிறது என்பதே இன்றைய உரையின் பொருள்.

1. நிரலுக்கு இரு வாசகர்

ஒரு நிரலை இருவர் படிக்கின்றனர். ஒருவர் கணினி, மற்றவர் மனிதர். கணினிக்கு இலக்கண வழுவின்றி இருந்தால் போதும். ஒரு மாறிக்கு 'அ' என்று பெயர் வைத்தாலும், 'பயணத் தொலைவு' என்று பெயர் வைத்தாலும் அதற்கு வேறுபாடில்லை. நூறு நிபந்தனைகளை ஒன்றனுள் ஒன்றாக அடுக்கினாலும் அது களைப்படைவதில்லை.

மனித வாசகரின் நிலை வேறு. மென்பொருள் ஒருமுறை எழுதப்பட்டுப் பல ஆண்டுகள் திருத்தப்படுகிறது. கட்டண விதி மாறும். புதிய பிரிவினருக்குச் சலுகை வரும். பிழை ஒன்று வெளிப்படும். ஒவ்வொரு முறையும் யாரேனும் ஒருவர் பழைய நிரலைப் படித்துப் புரிந்துகொண்ட பிறகே கைவைக்க முடியும். அவர் தவறாகப் புரிந்துகொண்டால், திருத்தமே புதிய பிழையாகிவிடும். எனவே, நிரலின் தெளிவு அதன் நம்பகத்தன்மையோடு சேர்ந்தது.

2. கிளைகளை எண்ணும் முறை

'இந்த நிரல் சிக்கலானது' என்று சொல்வது எளிது. எவ்வளவு சிக்கலானது என்று சொல்வதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். 1976ஆம் ஆண்டில் தாமஸ் மெக்கேப் என்பவர் அத்தகைய அளவுகோல் ஒன்றை முன்வைத்தார். சைக்ளோமாட்டிக் சிக்கலளவு என்று அது வழங்கப்படுகிறது. கணிதத்தின் ஒரு பிரிவாகிய கோட்டுருவியலில் பிறந்ததாயினும், அதை எண்ணும் முறை எளியது. ஒரு செயற்கூறில் வழி பிரியும் இடங்களை, அதாவது 'இப்படி இருந்தால்', 'இது முடியும்வரை' என வரும் இடங்களை எண்ணி, அத்துடன் ஒன்றைக் கூட்ட வேண்டும். கிளையே இல்லாத நிரலுக்கு அளவு 1. மூன்று இடங்களில் வழி பிரிந்தால் அளவு 4. ஒரு செயற்கூறின் அளவு 10ஐத் தாண்டாதிருப்பது நன்று என மெக்கேப் பரிந்துரைத்தார். ஒரு செயற்கூறைச் சோதிக்க எத்தனை பாதைகளைப் பார்க்க வேண்டும் என்பதற்கும் இவ்வெண் வழிகாட்டுகிறது. இதுவே அதன் பெரும்பயன்.

மெக்கேப்பின் அளவு எதைக் காண்கிறது, எதைக் காணத் தவறுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். பள்ளி நூலகத்தில் நூல் இரவல் கொடுக்கும் விதியை ஒருவர் இவ்வாறு எழுதுகிறார்:

கேட்பவர் உறுப்பினராக இருந்தால்,
அவரிடம் பழைய நூல் பாக்கி இல்லாவிட்டால்,
கேட்ட நூல் நிலையத்தில் இருந்தால்,
நூலைக் கொடு;
இல்லையேல் 'நூல் இல்லை' எனச் சொல்;
இல்லையேல் 'பாக்கியைத் திருப்புக' எனச் சொல்;
இல்லையேல் 'உறுப்பினராகுக' எனச் சொல்.

இறுதியில் வரும் மூன்று 'இல்லையேல்'களும் எந்தெந்த நிபந்தனைக்கு உரியவை? வாசகர் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிச் சென்று பொருத்திப் பார்க்க வேண்டும். அதே விதியை மற்றொருவர் இவ்வாறு எழுதுகிறார்:

உறுப்பினர் அல்லர் என்றால், 'உறுப்பினராகுக' எனச் சொல்லி நிறுத்து.
பழைய நூல் பாக்கி இருந்தால், 'பாக்கியைத் திருப்புக' எனச் சொல்லி நிறுத்து.
கேட்ட நூல் நிலையத்தில் இல்லாவிட்டால், 'நூல் இல்லை' எனச் சொல்லி நிறுத்து.
நூலைக் கொடு.

இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. இரண்டிலும் வழி பிரியும் இடங்கள் மூன்றே. ஆகவே, மெக்கேப்பின் கணக்கில் இரண்டிற்கும் அளவு 4. எனினும், எது படிக்க எளிது என்பதில் நமக்கு ஐயம் இல்லை. அளவுகோலுக்குத் தெரியாத ஒன்று வாசகருக்குத் தெரிகிறது. அது என்ன?

3. மொழியியல் தரும் விடை

இக்கேள்வியை மொழியியலாளர் முன்பே எதிர்கொண்டனர். 1948ஆம் ஆண்டில் ருடால்ஃப் ஃபிளெஷ் ஆங்கில உரைநடைக்கு ஒரு வாசிப்பு எளிமை வாய்பாட்டை வகுத்தார். வாக்கியத்தின் நீளம், சொல்லின் அசை எண்ணிக்கை ஆகிய இரண்டே அதற்கு அடிப்படை. பயனுள்ள வாய்பாடுதான், ஆயினும், பின்வரும் இரு தமிழ் வாக்கியங்களைப் பாருங்கள்.

'தலைமையாசிரியர் ஆசிரியர் மாணவர் எழுதிய கட்டுரையைத் திருத்திய செய்தியைக் கேட்டார்.'

'மாணவர் எழுதிய கட்டுரையை ஆசிரியர் திருத்திய செய்தியைத் தலைமையாசிரியர் கேட்டார்.'

இரண்டிலும் அதே எட்டுச் சொற்கள், அதே பொருள். நீளத்தையும் அசையையும் எண்ணினால் இரண்டும் ஒன்றே. ஆனால், முதல் வாக்கியத்தில் மூன்று எழுவாய்கள் அடுத்தடுத்து வந்து, தத்தம் வினைக்காகக் காத்து நிற்கின்றன. வாசகர் மூன்றையும் மனத்தில் தாங்கிக்கொண்டே செல்ல வேண்டும். இரண்டாம் வாக்கியத்தில் ஒவ்வொரு பெயரும் தன் வினையோடு உடனே சேர்ந்துவிடுகிறது. மனத்தின் சுமை ஏறியவுடன் இறங்கிவிடுகிறது.

இந்தச் சுமையை அளக்க முயன்றவர் விக்டர் இங்வே. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திர மொழிபெயர்ப்பை ஆராய்ந்தவர். அப்பணிக்காகவே கோமிட் என்ற நிரல்மொழியையும் உருவாக்கியவர். குறுகிய நினைவின் எல்லையைப் பற்றி ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் பின்னணியில், 1960இல் அவர் தம் கருதுகோளை வெளியிட்டார். ஒரு வாக்கியத்தைக் கூறிச் செல்லும்போது இன்னும் முடிக்கப்படாமல் நினைவில் நிற்கும் கடப்பாடுகள் எத்தனை என்பதே அவருடைய அளவை.

அவ்வளவையிலும் குறை இருந்தது. அடைமொழிகள் முன்னே வந்து, தலைச்சொல் பின்னே வரும் அமைப்பை அது சுமையாகக் கணக்கிட்டது. அவ்வாறாயின், தமிழும் ஜப்பானியமும் பேசுவோர் அன்றாடம் திணற வேண்டும். நாம் திணறுவதில்லை. மேற்காட்டிய இரண்டாம் வாக்கியம் இடப்பக்கமே கிளைத்து வளர்ந்தாலும் இயல்பாகப் புரிகிறது. ஒன்றன் நடுவே மற்றொன்றைச் செருகும் அமைப்பே உண்மையில் வாசகரை வருத்துகிறது. ஓர் அளவுகோல் எந்த மொழியை மனத்தில் கொண்டு செய்யப்பட்டதோ, அந்த மொழியின் சாயலும் அதில் படிந்திருக்கும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நிரலுக்குத் திரும்புவோம். நூலக விதியின் முதல் வடிவம் நடுவே செருகும் அமைப்பே. மூன்று நிபந்தனைகள் திறந்தபடி நிற்க, அவற்றின் மறுபாதி கடைசியில்தான் வருகிறது. 2010களின் பிற்பகுதியில் சோனார்சோர்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஆன் கேம்பெல் முன்வைத்த அறிதற் சிக்கலளவு இதைக் கணக்கில் கொள்கிறது. ஒரு நிபந்தனை எத்தனை அடுக்கு உள்ளே இருக்கிறதோ, அதற்கேற்பக் கூடுதல் புள்ளி சேர்கிறது. முதல் வடிவத்தில் நிபந்தனைகளுக்கு 1, 2, 3 என ஆறு புள்ளிகள், மூன்று 'இல்லையேல்'களுக்கு மூன்று, ஆக 9. இரண்டாம் வடிவத்திற்கு மூன்று மட்டுமே. வாசகர் உணர்ந்த வேறுபாடு இப்போது எண்ணிலும் தெரிகிறது.

4. குறைக்கும் வழிகள்

சிக்கலைக் குறைக்க நிரலர்கள் கையாளும் வழிகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன். முதலாவது, விலக்குகளை வாயிலிலேயே தீர்த்துவிடுதல். நூலக விதியின் இரண்டாம் வடிவம் அதைத்தான் செய்தது. இரண்டாவது, பொருளால் பிரித்துப் பெயரிடுதல். 'சலுகைக்குத் தகுதி உண்டா' என்று ஒரு கூறும், 'தொலைவுக்குரிய கட்டணம்' என்று மற்றொரு கூறும் இருந்தால், பெயரைப் படித்த அளவிலேயே வாசகர் மேலே செல்லலாம்; உள்ளே நுழைய வேண்டியதில்லை. மூன்றாவது, ஒரே செய்தியைப் பல இடங்களில் எழுதாதிருத்தல். ஓரிடத்தில் திருத்தி, மற்றோரிடத்தில் மறந்துவிட்டால் நிரல் தனக்குத்தானே முரண்படும்.

தமிழாசிரியர்களுக்கு இவ்வறிவுரைகள் புதியவை அல்ல. நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் நூலுக்குரிய பத்துக் குற்றங்களைத் தொகுத்துள்ளார். கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். நிரலைப் பற்றி அவர் எண்ணியிருக்க வாய்ப்பில்லை. ஆனால், எழுத்து எதுவாயினும் வாசகர் இடறும் இடங்கள் ஒத்திருக்கின்றன.

கூறியது கூறல் எவ்வளவு தீங்காக முடியும் என்பதற்கு ஒரு சான்று. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசி மென்பொருளில் ஓர் அவசரத் திருத்தத்தை வெளியிட்டது. இணையத் தொடர்பின் பாதுகாப்பைச் சரிபார்க்கும் பகுதியில், 'பிழையெனில் வெளியேறு' என்ற பொருளில் அமைந்த வரியின் கீழே, வெளியேறச் சொல்லும் கட்டளை இரண்டாம் முறையும் எழுதப்பட்டிருந்தது. முதலாவது கட்டளை நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவதோ எந்த நிபந்தனைக்கும் உட்படாதது; ஆனால், வரி உள்தள்ளி எழுதப்பட்டிருந்ததால் உட்பட்டதுபோல் தோன்றியது. விளைவாக, மிக முக்கியமான கடைசிச் சோதனை நடைபெறாமலே 'எல்லாம் சரி' என்ற விடை வந்தது. பாதுகாப்பானது என நம்பிய தொடர்பில் மற்றவர் ஊடுருவ வழி திறந்துகிடந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மிகைவரியில் நிபந்தனை ஏதுமில்லை. எனவே, கிளைகளை எண்ணும் அளவு அதனால் சிறிதும் கூடாது. அதைக் கண்டுபிடிக்க வேறு வகைச் சோதனைகளும், ஊன்றிப் படிக்கும் மனிதக் கண்ணும் வேண்டும்.

5. எண்ணுக்கு எழுதும் தீமை

என் தங்கை மகளைக் குறை கூறும் தகுதி எனக்கில்லை. ஆசிரியப் பயிற்சி வகுப்புகளில் நானும் ஒரு காலத்தில், 'பத்துச் சொல்லுக்கு மேல் வாக்கியம் போகக்கூடாது' என்று விதி வகுத்திருந்தேன். கட்டுரைகள் விதிக்கு முற்றிலும் பணிந்து வந்தன. 'மழை பெய்தது. விளையாட்டு நடந்தது.' இவ்வாறே பக்கம் முழுதும். மழை பெய்தபோதிலும் நடந்ததா? பெய்து ஓய்ந்தபின் நடந்ததா? உள்ளரங்கத்துக்கு மாற்றி நடத்தினார்களா? வாக்கியங்களை இணைத்திருந்த சொல்லோடு, அவற்றின் உறவும் வெட்டுண்டு போயிற்று. நான் கேட்டது குறுமை; எனக்கு வேண்டியிருந்தது தெளிவு. நன்னூலார் பத்து அழகுகளைக் கூறும்போது, சுருங்கச் சொல்லலையும் விளங்க வைத்தலையும் இரு வேறு அழகுகளாக வைத்ததன் நுட்பத்தை நான் தாமதமாகவே உணர்ந்தேன். அவ்விதியைப் பின்னர் கைவிட்டேன். அதற்குள் எத்தனை மாணவர்களின் நடையைக் குலைத்தேனோ என்ற வருத்தம் இன்றும் உண்டு.

எண் ஓர் உடல்வெப்பமானியைப் போன்றது. காய்ச்சல் இருப்பதைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. வெப்பமானியைக் குளிர்நீரில் வைத்தால் எண் இறங்கும், நோயாளி தேறமாட்டார். நிரலை நடுவில் வெட்டியதும், வாக்கியத்தைப் பத்துச் சொல்லில் முறித்ததும் அத்தகைய செயல்களே.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. மாணவர் எழுதிய நிரலாயினும் கட்டுரையாயினும், மதிப்பெண் இடுமுன் மற்றொரு மாணவரிடம் கொடுத்து வாய்விட்டு விளக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ, எங்கே திரும்பிப் பார்க்கிறாரோ, அங்கே ஒரு கோடிடுங்கள். பிறகு அளவுக் கருவி சொல்லும் எண்ணை அதனோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே இடத்தைச் சுட்டினால், திருத்த வேண்டிய இடம் அதுவே. எண் உயர்ந்தும் வாசகர் தடுமாறாவிட்டால், பொருளே அத்தகைய பல கிளைகளை உடையதாக இருக்கலாம். அதை வற்புறுத்தி வெட்ட வேண்டாம். எண் தாழ்ந்தும் வாசகர் தடுமாறினால், வாசகரை நம்புங்கள்.

என் தங்கை மகள் 'பகுதி ஒன்று', 'பகுதி இரண்டு' என்ற பெயர்களை அழித்துவிட்டு மீண்டும் தொடங்கினாள். 'இந்தப் பகுதி என்ன செய்கிறது என்பதை ஒரே தொடரில் சொல். சொல்ல முடிந்தால் அதுவே அதன் பெயர்' என்றேன். மூன்று கூறுகள் உருவாயின: பயணியின் பிரிவு, தொலைவுக் கட்டணம், சலுகைக் கழிவு. மூன்றும் வரம்புக்குள் இருந்தன. எண்ணைப் பார்க்குமுன்பே அவள் எனக்கு முழு நிரலையும் தடுமாறாமல் விளக்கி முடித்திருந்தாள்.