லீவு விட்டாச்சு, பிள்ளை எங்கே?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பைக்கை எடுத்தால், கெடிலம் பாலம், மஞ்சக்குப்பம், ஆல்பேட்டை சோதனைச் சாவடி. பெண்ணையாற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் முள்ளோடை, கன்னியக்கோயில். அங்கே மாநிலம் மாறுகிறது, சரக்கின் விலை மாறுகிறது, சட்டமும் மாறுகிறது. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிரம்ப வேண்டும். புதுச்சேரியில் 18 போதும். ப்ளஸ் டூ எழுதி முடித்த பையன்களில் சிலருக்கு அந்தப் பதினெட்டு வந்திருக்கும், மற்றவர்களுக்கு மீசையாவது வந்திருக்கும்.

மே மாதத்தில் எல்லாம் ஒன்றாகக் கூடிவருகிறது. பரீட்சை முடிந்த நிம்மதி, அப்பாவின் வண்டிச் சாவி, பெரியவர்கள் வேலைக்குப் போய்விட்ட வீடு, கூடவே நாலு கூட்டாளிகள். பெற்றோர் பயப்படுவதெல்லாம் முகம் தெரியாத கஞ்சா வியாபாரியை நினைத்து. பயம் நியாயம்தான். ஆனால் முதல் மிடறு பெரும்பாலும் தெரிந்த கையிலிருந்துதான் வருகிறது.

காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எந்த விசேஷ வீட்டிலும் மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீர் பாக்கெட், ஊறுகாய், பிளாஸ்டிக் டம்ளர். சைட்டிஷ் எடுத்துக்கொண்டு மேலே வருபவன் பத்தாவது படிக்கும் பையன். "ஒரு வாய் அடிடா மாப்ள, ஒண்ணும் ஆவாது" என்பவர் சொந்தத் தாய்மாமா. எல்லோரும் சிரிக்கிறார்கள். பையனுக்கு அன்றைக்குப் பெரிய மனுஷன் ஆகிவிட்ட நினைப்பு.

2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி, மருத்துவர் சொல்லாமல் 18 வயதுக்குட்பட்டவருக்கு மது, போதைப்பொருள், புகையிலை எதைக் கொடுத்தாலும் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பிள்ளையை வைத்துச் சரக்கு கொண்டுவரச் செய்வதற்கும் அதே தண்டனைதான். "பாண்டி போறியே, அப்படியே ஒரு ஃபுல் வாங்கிட்டு வந்துடு" என்று மகனை அனுப்பும் அப்பாக்கள் இதை இரண்டு தடவை படிக்கலாம்.

சரக்கு மட்டுமா? உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒளித்துவைக்கும் கூல் லிப் புகையிலை, தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டும் மாணவர் பைகளில் கிடைக்கிறது. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் துணியில் ஊற்றி முகர்கிறார்கள். 2019இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாக இருந்த ஒரே போதை இந்த முகரும் ரகம்தான்: பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதினரில் 1.17 சதவீதம். போலீஸ் சோதனைச் சாவடி இதைப் பிடிக்காது. சட்டையில் பெயின்ட் வாசனை, வாயைச் சுற்றிப் புண், திடீரென்று குறையும் சாப்பாடு ஆகியவற்றை வீட்டில் இருப்பவர்தான் கவனிக்க முடியும்.

இதை மாற்றிக் காட்டிய நாடு உண்டு. ஐஸ்லாந்தில் 1998இல், 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் போதையேறக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். பிரசங்கம் செய்து சாதித்ததல்ல இது. விளையாட்டு, இசை வகுப்புகளுக்கு அரசே பணம் கொடுத்தது. பெற்றோர் இரவில் குழுவாகத் தெருவைச் சுற்றி வந்தார்கள். 13 முதல் 16 வயதுள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பது அங்கே சட்டம்.

நமக்கு அவ்வளவு பணம் இல்லைதான். ஆனால் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது, மஞ்சக்குப்பம் மைதானம் இருக்கிறது, தேவனாம்பட்டினத்தில் கடற்கரையே இருக்கிறது. பாடலீஸ்வரர் கோயில் வைகாசித் திருவிழாவில் வேலைக்கு எத்தனை இளம் கைகள் வந்தாலும் போதாது. இல்லாதது, பையனோடு போய் நிற்கும் ஒரு பெரியவர். கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டுவதோடு அப்பா வேலை முடிந்துவிடுகிறது. ராத்திரி எட்டரைக்கு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் வீட்டில், ஒன்பது மணிக்குப் பையன் வரவில்லை என்றால் உடனே தெரியும். ஆளாளுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு டி.வி. முன்னால் போகும் வீட்டில் மறுநாள்தான் தெரியும்.

ஏற்கெனவே ருசி பார்த்துவிட்டான் என்று தெரிந்தால் பெல்ட்டை உருவாதீர்கள். அடி வாங்கியவன் அடுத்த தடவை இன்னும் சாமர்த்தியமாக ஒளிப்பான். போதை இறங்கியபின், மறுநாள் காலையில் பேசுங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாம். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. கஞ்சா, கள்ளச்சாராயம் விற்பவர்களைப் பற்றிச் சொல்ல 10581. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. விசேஷ வீட்டு மாமாக்களுக்கு எந்த நம்பரும் இல்லை. அவர்கள் கையிலிருக்கும் டம்ளரை நீங்கள்தான் தட்டிவிட வேண்டும்.