வழக்குக்கான உளநல மதிப்பீடு: குறைந்த செலவில் பெறுவது எப்படி?

கும்மிடிப்பூண்டி, புழல் மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழரும், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் வாழும் அவர்தம் உறவினரும் எங்கள் உளநலப் பிரிவுக்கு வருவதுண்டு. அவர்களுள் சிலர் கேட்கும் கேள்வி இது: "மகன் வெளிநாட்டில் புகலிடம் கேட்டிருக்கிறான். மனநிலை பற்றிய அறிக்கை வேண்டும் என்கிறார் வழக்கறிஞர். அதற்கு எவ்வளவு ஆகும்?" செலவைப் பற்றிப் பேசுமுன், அந்த அறிக்கை எதற்கு உதவும் என்பதை அறிவது நல்லது.

அறிக்கை என்ன சொல்லும்?

போரையோ சித்திரவதையையோ கடந்து வந்தவரிடம் நிகழ்ச்சிகள் கண்முன் மீண்டும் தோன்றுதல், கெட்ட கனவுகள், அவற்றை நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் தவிர்த்தல், சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல் ஆகியவை காணப்படலாம். இவை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைக்குமானால், அதனைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்கிறோம். இத்தகையோர் நாள், நேரம், நிகழ்ச்சி வரிசை ஆகியவற்றை மாற்றிச் சொல்லக்கூடும். விசாரணை அதிகாரிக்கு அது பொய்யாகத் தோன்றலாம். நினைவு ஏன் அவ்வாறு சிதறுகிறது என்பதை மருத்துவ அறிக்கை விளக்கும்.

சித்திரவதையை ஆவணப்படுத்தும் ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறை 1999-இல் உருவாகி, 2022-இல் திருத்தப்பட்டது. நோயாளியின் நிலை அவர் கூறும் நிகழ்ச்சியோடு எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதையே மருத்துவர் எழுத வேண்டும். வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதை முடிவு செய்வது நீதிமன்றம்.

ஒரு முக்கியத் தீர்ப்பு

2010-ஆம் ஆண்டு கனடா சென்ற ஈழத் தமிழ் இளைஞர் ஒருவரின் மனிதாபிமான அடிப்படையிலான விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அவருக்கு உளநலக் கோளாறு இருப்பதை ஏற்ற அதிகாரி, சிகிச்சை பெற்றதற்கும் இலங்கையில் சிகிச்சை கிடைக்காது என்பதற்கும் மேலும் சான்று எதிர்பார்த்தார். 2015 டிசம்பரில் கனடா உச்ச நீதிமன்றம் அந்த முடிவை நீக்கியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரோசலி அபெல்லா. நோயை ஏற்ற பின்னர் அத்தகைய சான்று கேட்பது பொருந்தாது என்றும், நோயாளி சொன்னதைக் கேட்டு எழுதியது என்பதற்காக மட்டும் அறிக்கையைத் தள்ளிவிடலாகாது என்றும் அத்தீர்ப்பு விளக்கியது. இருப்பினும், முறையான சிகிச்சைப் பதிவுகள் கையில் இருப்பது எந்த வழக்கிற்கும் வலுச் சேர்க்கும்.

செலவைக் குறைக்கும் வழிகள்

முழு மதிப்பீட்டிற்குப் பல அமர்வுகள் தேவைப்படலாம். தனியாரிடம் அது பெருஞ்செலவாகும். ஆனால் தொடர்ந்து பெற்ற சிகிச்சையின் பதிவே ஒரு சான்றாகும். அதற்கு:

• அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் புறநோயாளியாகக் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம்.

• மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தம் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமையை நோயாளிக்கு அளிக்கிறது. வெளிநாடு செல்லுமுன் இங்கே சிகிச்சை பெற்றவர் என்றால், அப்பழைய சீட்டுகளையும் தேடி எடுத்து வையுங்கள்.

• சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987, பெண்கள், காவலில் உள்ளோர், மனநோயாளிகள், இனக் கலவரத்தால் பாதிக்கப்பட்டோர் உள்ளிட்டோருக்கு இலவச சட்ட உதவி வழங்குகிறது. இந்திய நீதிமன்ற வழக்குகளுக்கு 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

• வெளிநாட்டு வழக்காயின், அந்நாட்டின் சட்ட உதவித் திட்டம் மதிப்பீட்டுச் செலவை ஏற்குமா என்று வழக்கறிஞரிடம் முதலிலேயே கேளுங்கள். பிரிட்டனில் ஃப்ரீடம் ஃப்ரம் டார்ச்சர் என்னும் தொண்டு நிறுவனம் சித்திரவதைக்கு உள்ளானோருக்கு மருத்துவ-சட்ட அறிக்கைகள் தயாரித்து வருகிறது.

வரும்போது கவனிக்க வேண்டியவை

அறிக்கை எந்தக் கேள்விக்கு விடையளிக்க வேண்டும் என்பதை வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்கி வாருங்கள். மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் குடும்பத்தினரைத் தவிருங்கள். மனைவியின் முன்னோ பிள்ளைகளின் முன்னோ சொல்ல இயலாதவை பல உண்டு. மதிப்பீட்டின்போது சொல்பவை அறிக்கையில் இடம்பெறக்கூடும் என்பதால், உங்கள் ஒப்புதலை முதலில் கேட்போம். பேச இயலாத நிலை வந்தால் இடையில் நிறுத்தச் சொல்லலாம்.

தரகர் சொல்லிக்கொடுக்கும் அறிகுறிகளை ஒப்பிக்காதீர்கள். நேர்காணலிலும் சோதனைகளிலும் மிகைப்படுத்தல் வெளிப்படலாம். அதனால் உண்மையான துயரமும் நம்பப்படாமல் போகும். நினைவில்லாததை நினைவில்லை என்றே சொல்லுங்கள்.

வழக்கு முடிய ஆண்டுகள் ஆகலாம். அதுவரை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டா. உறக்கமின்மையும் அச்சமும் மருந்தாலும் ஆலோசனையாலும் குறையக்கூடியவை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.